கத்தியில்லாமல் முகச் சுருக்கம் போக்க: வெயில் பட்ட நம் தோலுக்கு எது முதலில், எது பிறகு?

தூத்துக்குடிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வெயில் முகத்தை என்ன செய்திருக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று வரும்போது, என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் செல்போனில் பார்த்த வீடியோவை நம்பித்தான் வருகிறார்கள். அதுவும் ஐரோப்பிய, கொரிய முகங்களில் செய்து காட்டிய வீடியோ. "டாக்டரம்மா, லேசர் வச்சு இந்தக் கருப்பையும் சுருக்கத்தையும் ஒரே தடவையில எடுத்துரலாமாம்ல?" என்று கேட்கிறார்கள். ஒரே தடவையில் எடுக்க முடியாது. அவசரப்பட்டால் இப்போது இருப்பதைவிடக் கறுத்துப்போகவும் கூடும்.

நம் நிறத்துத் தோலின் குணம் அப்படி. சூடு பட்டாலும் கறுக்கும், உரசினாலும் கறுக்கும், பரு வந்து ஆறினாலும் கறுக்கும், ஏன், பூசிய மருந்து கொஞ்சம் அதிகமாக எரிந்தாலே கறுக்கும். எந்தக் காயம் பட்டாலும் நிறமி செல்கள் மெலனின் என்ற கருநிறப் பொருளைக் கொட்டிவிடும். எனவே எந்தச் சிகிச்சை வலுவானது என்று கேட்பதைவிட, எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று கேட்பதுதான் நமக்குப் பயன்படும். கருமை எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. அடுத்தது வெயிலைத் தடுப்பது. அப்புறம் கிரீம். ஊசியும் மெஷினும் அதற்குப் பிறகுதான்.

வெயில் உள்ளே என்ன செய்கிறது

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் யுவிபி என்ற வகை மேல்தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். யுவிஏ அதைவிட ஆழமாக, அடித்தோல் வரை இறங்கும். அங்கே தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் நார்களை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். தோலுக்கு இழுவை தரும் எலாஸ்டின் நார்கள் உருக்குலைந்து கட்டிக்கொள்ளும். சுருக்கம், தொய்வு, சொரசொரப்பு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. யுவிபியை ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். யுவிஏ உள்ளே வந்துவிடும்.

2012ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரு படம் வெளியிட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம். ஜன்னலோரம் இருந்த இடப்பக்கம் முழுக்க ஆழமான மடிப்புகள். வலப்பக்கம் பல வருடம் இளமையாக இருந்தது. நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால் ஓட்டுநர்களுக்கு வலக் கன்னமும் வலது முன்கையும் முந்திக்கொண்டு கறுக்கும். அடுத்த முறை டாக்ஸியில் போகும்போது கவனித்துப் பாருங்கள்.

கருப்பு, மாநிறத் தோலில் மெலனின் ஓரளவு குடை பிடிப்பதால், வெள்ளையர்களுக்கு முப்பதுகளிலேயே தெரியத் தொடங்கும் மெல்லிய கோடுகள் நமக்குப் பல ஆண்டுகள் தள்ளித்தான் வரும். முதலில் நமக்குத் தெரிவது திட்டுத் திட்டான கருமை. கூடவே கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் கடுகளவு கருப்பு மருக்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். வெயில் மேலிருந்தும் வரும். பாத்தித் தண்ணீரிலும் வெள்ளை உப்பிலும் பட்டுக் கீழிருந்தும் வரும். பொதுவாகத் தாடைக்குக் கீழே நிழல் விழும் இடம் வெளுப்பாக இருக்கும். இவர்களுக்கு அங்கேயும் கறுத்திருக்கும். பிடரித் தோல் தடித்து, கட்டம் கட்டமாகக் கோடு விழுந்திருக்கும். அங்கே எந்தக் கிரீமும் பெரிதாக வேலை செய்யாது.

எல்லாக் கருமையும் வெயில் கருமை இல்லை

"டேன் ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் கணிசமான பேருக்குப் பிரச்சினை வெயிலே இல்லை. நெற்றியோரமும் கன்னத்து மேடும் மெல்ல மெல்லக் கறுக்கும், தொட்டால் தடிப்பாக இருக்கும், கழுத்தைத் திருப்பச் சொன்னால் அங்கேயும் அதே கருமை. இதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். இவர்களுக்கு நான் முதலில் எழுதித் தருவது ரத்தப் பரிசோதனை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி. முகம் வெளுக்க வந்த இடத்தில் சர்க்கரை வியாதி தெரியவருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. இடுப்புச் சுற்றளவு குறையாமல் இந்தக் கருமையை எந்த லேசரும் நிரந்தரமாக எடுக்காது.

இன்னொரு கூட்டம் தலைக்கு டை அடிப்பவர்கள். முடி தொடங்கும் ஓரம், காதுக்கு முன்னால், கழுத்தின் இரு பக்கம் என்று சாம்பல் கலந்த கருமை படரும். டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்துக்கு வந்த ஒவ்வாமை. அரிப்பே இல்லாமல் கறுப்பு மட்டும் வருவதால் யாரும் டையைச் சந்தேகப்படுவதில்லை. உடனே கறுக்கும் 'மருதாணி' பாக்கெட்டுகளிலும் பெரும்பாலும் இதே பிபிடிதான் இருக்கும். டையை நிறுத்தாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பீலிங் (அமிலம் வைத்து மேல்தோலை உரிப்பது) செய்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குங்குமத்தில் சேர்க்கும் சாயம் பொட்டு வைக்கும் இடத்தைக் கறுக்க வைக்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசை அதே இடத்தை வெள்ளையாக்கும். இரண்டுக்கும் முதல் மருந்து நிறுத்துவதுதான்.

மங்கு தனிக் கதை. இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும், மேல் உதட்டிலும் வரும். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை, வெயில் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. வெயில் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அடுப்புச் சூடும் அதைத் தூண்டும். மங்கைக் கட்டுப்படுத்தலாம், ஒழித்துவிட முடியாது. ஒழிக்கிறேன் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழத்தை அறுத்து முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாற்றில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். ஆறும்போது கோடுகோடாகக் கறுக்கும். மஞ்சளும் தயிரும் பாவம், அவற்றால் பெரிய கெடுதலும் இல்லை, பெரிய பலனும் இல்லை.

மெடிக்கல் ஷாப் கிரீம்

சிகிச்சை எதையும் தொடங்குவதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி, "இதுவரை என்ன பூசினீங்க? டியூபைக் கொண்டுவந்தீங்களா?" பையிலிருந்து வெளியே வருவது அநேகமாக ஒரே வகை. நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ குடும்பத்து ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு, மூன்றும் கலந்தது. "முகம் வெளுக்க ஒரு கிரீம் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது.

இந்தக் கலவை அடிப்படையில் மோசமானதல்ல. ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975ல் வெளியிட்ட சூத்திரம் அது. மங்குக்குச் சில வாரங்கள், மருத்துவர் கண்பார்வையில் பூச வேண்டியது. நம் ஊரில் அதை வருடக்கணக்கில் பவுடருக்குப் பதிலாகப் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் பளபளக்கும்; பக்கத்து வீட்டு அக்காவும் பெயர் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், திரும்பப் பூசினால் அடங்கும். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாயிற்று. மெலிந்துபோன தோலில் சுருக்கமும் சீக்கிரம் தெரியும். இப்படிப்பட்ட முகத்தில் பீலிங்கோ லேசரோ வைத்தால் புண்ணாகிவிடும். முதலில் ஸ்டீராய்டிலிருந்து மீட்க வேண்டும்; அதற்கே பல மாதங்கள் ஆகும். ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். கேரளாவின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த, மெம்பிரேனஸ் நெப்ரோபதி என்ற சிறுநீரக நோய் உள்ள 22 பேரில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவை, அது துபாயிலிருந்து மச்சான் வாங்கி வந்ததாகவே இருந்தாலும், முகத்தில் வைக்காதீர்கள்.

சன்ஸ்கிரீனும் ட்ரெட்டினாயினும்

ஒரே ஒரு சிகிச்சைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013ல் வெளியானது. ஒரு பிரிவினர் தினமும் பூசினார்கள். மற்றவர்கள் தோன்றியபோது பூசினார்கள். நாலரை ஆண்டு கழித்துப் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்ததில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. தினமும் என்பதுதான் வித்தியாசம்.

டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்பது யுவிபியைத் தடுக்கும் அளவு. எஸ்பிஎஃப் 30 யுவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. எனவே நூறு போட்ட டியூபைத் தேடி அலைய வேண்டாம். அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்த்தால் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப்-இல் பாதிகூடக் கிடைக்காது. டியூபில் பிஏ+++ அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். யுவிஏவைத் தடுப்பது அதுதான். மங்கு இருப்பவர்கள் அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே வரும் வகையை வாங்கலாம். அது வெளிச்சத்தையும் தடுக்கும், முகத்தில் வெள்ளையாக நிற்கவும் செய்யாது. வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

உப்பளத்துக்குப் போகும் அக்காமாரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வியர்வையில் அரை மணியில் வழிந்துவிடும், டியூபின் விலையும் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு நான் சொல்வது முழுக்கைச் சட்டை, நெருக்கமாக நெய்த அடர் நிறத் துணியால் முகத்தையும் கழுத்தையும் சேர்த்துக் கட்டுவது, அகலமான தொப்பி. அதிகாலையிலேயே வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்கும் அவர்கள் வழக்கம், நான் எழுதித் தரும் எதையும்விட நல்ல மருந்து.

சுருக்கத்துக்கு நீண்ட காலச் சான்று உள்ள பூச்சு என்றால் அது ட்ரெட்டினாயின்தான், வைட்டமின் ஏ குடும்பம். அமெரிக்காவில் 1971ல் பருவுக்காக அனுமதி பெற்றது. பருவுக்குப் பூசிய பெண்கள் சுருக்கமும் குறைவதாகச் சொன்னதை வைத்து, மேலே சொன்ன அதே கிளிக்மன் 1980களில் ஆய்வு செய்து வெளியிட்டார். இவர் பெயரைச் சொல்லும்போது, ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் இவர் நடத்திய பரிசோதனைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அவற்றை அனுமதிக்காது. மருந்து நல்ல மருந்து, அது வந்த வழி நல்ல வழியல்ல.

இரவில் மட்டும், பட்டாணியளவு எடுத்து, காய்ந்த முகத்தில் பூச வேண்டும். நான் 0.025 சதவீதத்தில்தான் தொடங்குவேன், அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். முதல் சில வாரங்கள் தோல் உரியும், லேசாக எரியும். மாய்ஸ்சரைசர் கட்டாயம். அதிகம் பூசினால் சீக்கிரம் பலன் என்று நினைத்து எரித்துக்கொள்பவர்கள்தான் கறுத்த முகத்தோடு திரும்பி வருகிறார்கள். மூன்று மாதத்தில் நிறம் சீராகும், கோடுகள் மங்க ஆறு மாதமாவது ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் பூசக் கூடாது. தாங்க முடியாதவர்களுக்கு அடாபலீன், ரெட்டினால் போன்ற மென்மையானவை உண்டு.

ஊசி, பீலிங், மெஷின்

போட்டாக்ஸ் பற்றி நம்மூரில் இருக்கும் பயமும் அதிகம், ஆசையும் அதிகம். பாக்டீரியா ஒன்றின் நச்சைப் பல மடங்கு நீர்த்துச் செலுத்தும்போது, நரம்பு தசைக்குக் கொடுக்கும் உத்தரவு சில மாதங்களுக்கு நின்றுபோகிறது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கேருதர்ஸ், இமைத் துடிப்புக்கு இந்த ஊசி போட்ட ஒரு நோயாளியின் புருவ நடுக்கோடு மறைந்ததைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து 1992ல் அதை வெளியிட்டார். 2002ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ புருவ நடுக்கோட்டுக்கு அனுமதி தந்தது.

இது எல்லாச் சுருக்கத்துக்கும் ஆகாது. கண்ணாடி முன் நின்று நெற்றியைச் சுருக்குங்கள், அப்புறம் தளர்த்துங்கள். தளர்த்தியதும் மறையும் கோடுகளுக்குப் போட்டாக்ஸ் நன்றாக வேலை செய்யும். முகம் அசையாமல் இருக்கும்போதும் நிற்கும் கோடுகளுக்குப் பாதிப் பலன்தான். வெயில் கருமைக்கு ஒரு பலனும் இல்லை. ஓரிரு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். இடம் தவறினால் இமை சில வாரங்கள் தொங்கும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் போடக் கூடாது.

ஃபில்லர் என்பது வேறு. தோலுக்கடியில் ஹையலூரானிக் அமில ஜெல்லை நிரப்பிக் குழியைத் தூக்குவது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஜெல் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், மூக்கு, புருவ நடுப் பகுதிகளில் போட்டால் அரிதாகப் பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்து கைவசம் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட உட்காராதீர்கள். பியூட்டி பார்லரில் இந்த இரண்டு ஊசியையும் எந்தக் காரணத்துக்காகவும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பீலிங்கில் கிளைக்காலிக், லாக்டிக், மாண்டலிக், சாலிசிலிக் அமிலங்களைக் குறைந்த அடர்த்தியில், சில வார இடைவெளியில் வைப்பது நம் தோலுக்குப் பொருந்தும். ஆழமான ஃபீனால் பீலிங் நமக்கு வேண்டவே வேண்டாம். நிறமும் கெடும், இதயத் துடிப்பையும் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

லேசரில்தான் நான் மிகவும் கறாராக இருப்பேன். கார்பன் டை ஆக்ஸைடு லேசரால் தோலை முழுதாகச் சீவும் பழைய முறை வெள்ளைத் தோலில் சுருக்கத்தை அபாரமாகக் குறைத்தது, நம் தோலில் கருந்திட்டுகளை விட்டுச் சென்றது. 2004ல் வந்த ஃபிராக்ஷனல் முறை புள்ளி புள்ளியாக மட்டும் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கிறது. ஆறுவது எளிது. அப்போதும் புள்ளிகளை அகலமாக விட்டு, குறைந்த சக்தியில், முதலில் காதோரம் ஓர் இடத்தில் வைத்துப் பார்த்து நாலு வாரம் காத்திருப்பேன். மார்ச் முதல் ஜூன் வரை லேசர் கேட்டு வந்தால் அக்டோபருக்கு மேல் வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். ஐப்பசி மழை தொடங்கியதும் வெயில் கொஞ்சம் நம் பக்கம் வரும். ஐபிஎல் என்ற ஒளிக்கற்றை மெஷினில் கருமையைச் சுட்டுக்கொண்டு, முகமெல்லாம் செவ்வகத் தழும்புகளோடு வந்தவர்கள் உண்டு. நம் மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிவிடும். நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீடிலிங் அந்த வகையில் பாதுகாப்பானது, பலனும் மெதுவானது.

கன்னத்தில் இருக்கும் அந்தக் கடுகளவு கருப்பு மருக்களைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மரத்துப்போகும் கிரீம் பூசி, ரேடியோ அலைக் கருவியால் மேலாகத் தொட்டு எடுக்கும் சின்ன வேலை அது. பல முகங்களில் விலை உயர்ந்த லேசரைவிட இதுதான் அதிக மாற்றம் தருகிறது. திரும்ப முளைக்கலாம், அப்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கிளினிக்குக்குப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். செய்யப்போவது யார், தோல் மருத்துவம் படித்தவரா, மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன? ஊசி மருந்தின் பெட்டியைக் காட்டச் சொல்லி பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பாருங்கள், எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள். தொடங்கும் முன் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முகத்தில் வேறேதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமலேயே விலைப்பட்டியலை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூக்கோரத்திலோ கண்ணோரத்திலோ பளபளப்பாக, முத்துப்போல் ஓரம் உயர்ந்த கருப்புக் கட்டி, தானாக ரத்தம் கசியும் மரு, ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், வேகமாக வளரும் மச்சம் இவற்றில் எதையும் கரைக்கவோ சுடவோ விடாதீர்கள். நம் நிறத்தில் தோல் புற்றுநோய் குறைவு, ஆனால் வராமல் இல்லை. பேசல் செல் என்ற புற்று வகை நம் தோலில் பெரும்பாலும் கருப்பாக வரும் என்பதால் மச்சமென்று ஏமாந்துவிடுவோம். அதிலிருந்து துளி சதை எடுத்துப் பயாப்சி செய்து பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதற்கு வசதி உண்டு. ஃபேஷியலுக்கு நேரம் வாங்கியிருந்தால் அதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அங்கே போய்வாருங்கள்.